3டி படத்தை நம்பாதே மச்சி

பைக் ஆக்சிடென்ட்ல மாட்டிய யாரோ ஒருவரின் 3டி மண்டையோட்டுப் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், நம்ம குரூப்பில் பாதிப் பேர் டாக்டராகிவிடுகிறார்கள். "தாடைதான் போயிருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் இல்ல." ரெண்டரிங் என்றால் என்னவென்று பரீட்சைக்குப் படித்த நாமே இப்படிப் பேசுவதுதான் உறுத்துகிறது.

சி.டி. ஸ்கேனர் தருவது படமல்ல, எண்கள். அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டும் டாக்டரல்ல, இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினியர்; 1979-ல் கார்மாக்கோடு சேர்ந்து மருத்துவ நோபல் வாங்கினார். ஒரு வாக்ஸலுக்குள் மெல்லிய எலும்பும் காற்றும் சேர்ந்து விழுந்தால், இரண்டின் சராசரிதான் பதிவாகும். கண்குழியின் தரை சில இடங்களில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்தச் சராசரி த்ரெஷோல்டுக்குக் கீழே போனால், 3டி-யில் இல்லாத ஓட்டை தெரியும். எலும்பு விலகாத விரிசலோ மழுங்கிக் காணாமல் போகலாம்.

படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் மெல்லியதோ ஆன ஸ்லைஸ்களில், விசை எந்த வழியாகப் போயிருக்கிறது என்று தேடுகிறார்கள். முகம் ஒரு ஃப்ரேம் ஸ்ட்ரக்சர்: தூண்கள், குறுக்கே உத்தரங்கள், நடுவே தாள் மாதிரிச் சுவர்கள். (சிவில் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) 1901-ல் ரெனே லெ ஃபோர் 35 சடலங்களின் தலைகளை அடித்து உடைத்துப் பார்த்து, நடுமுகம் மூன்று கோடுகளில் பிளக்கிறது என்று எழுதினார். மூன்றிலுமே, மேல்தாடைக்குப் பின்னால் இருக்கும் டெரிகாய்டு தகடு உடைந்திருக்கும். குரூப்பில் சுற்றும் முன்பக்கப் படத்தில் அது தெரியவே தெரியாது.

இன்னும் சிக்கலான கேஸ், சின்னப் பசங்க. வளரும் எலும்பு வளையும். கண்குழித் தரை கதவு போலத் திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். கண் சிவக்காது, வீக்கமும் பெரிதாக இருக்காது. பையனால் மேலே பார்க்க முடியாது, வாந்தி எடுப்பான், நாடித்துடிப்பும் குறையலாம். தலைக்காயம் என்று நினைத்து அப்சர்வேஷனில் வைத்துவிடுகிற ஆபத்து உண்டு. ஓரிரு நாளுக்குள் தசையை விடுவிக்காவிட்டால், இரட்டைப் பார்வை அப்படியே நின்றுபோகலாம். ஸ்கேனில் விரிசல் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். முகத்துக்கு நேரெதிரே நின்று பார்ப்பது போல வெட்டிய கொரோனல் ஸ்லைஸில், தசை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதுதான் துப்பு.

அதனால்தான், நெட்டில் இறக்கிய ஜேபெக் படங்களை வைத்து ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக "ஏஐ ஃப்ராக்சர் டிடெக்ஷன்" செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விரிசலை மட்டும் தேடக் கற்ற மாடல் அந்தப் பையனை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். வாந்தி எந்தப் பிக்சலிலும் இல்லை. டிகாம் ஃபைலில் வேலை செய்யுங்கள். ஒரு ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதை முதலில் பார்க்கிறார் என்று கவனியுங்கள். கோட் அப்புறம் எழுதிக்கலாம்.

குள்ளஞ்சாவடிப் பக்கம் அடிபட்டவரை ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு, புதுச்சேரி ஜிப்மருக்கோ சிதம்பரத்துக்கோ கொண்டு போக வேண்டி வரலாம். கூடப் போகிறவர்கள் ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு ஓடாமல், ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை வேறு கோணத்தில் வெட்டிப் பார்க்க எந்த சர்ஜனாலும் முடியாது.