பழைய இரத்தம் தந்த நடை



பரம்பரைப் பெருமை பேசுவதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் பரம்பரை தந்ததைப் பேணுகிறோமா? இந்தக் கேள்விக்கு ஒரு குதிரையின் கதை போதும்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 'டென்னசி வோக்கிங் ஹோர்ஸ்' என்றொரு இனம் உண்டு. அதன் சிறப்பே நடைதான். வேகமாகப் போனாலும் மேலே இருப்பவர் குலுங்கமாட்டார். பெரிய தோட்டங்களை நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்க அந்தக் காலத்தவர்கள் வளர்த்த குதிரை அது. நரகன்செட் பேசர் என்ற பழைய இனத்தின் இரத்தமும் அதில் கலந்திருப்பதாகச் சொல்வார்கள். அந்த இனம் இன்று உலகில் இல்லை.

இந்த இனத்தின் தந்தையாகக் கருதப்படுவது 1886இல் பிறந்த அலன் என்ற கறுப்புக் குதிரை. வண்டிப் பந்தயத்தில் ஓடத்தான் அதை வளர்த்தார்கள். பந்தயத்துக்குரிய ஓட்டம் அதற்கு வரவில்லை. "உதவாது" என்று கைமாறிக்கொண்டே போனது. 1903இல் ஜேம்ஸ் பிராண்ட்லி என்பவர் அதை வாங்கினார். 1935இல் இனப் பதிவேடு தொடங்கியபோது அதற்கே முதலிடம், எஃப்-1, கிடைத்தது. பந்தயத்தில் குறையாகத் தெரிந்த நடை, அதன் வாரிசுகளுக்குச் சொத்தானது.

இந்த நடை இரத்தத்திலேயே இருக்கிறது என்பதற்கு அறிவியலும் சாட்சி. குதிரைகளின் நடையோடு தொடர்புடைய டிஎம்ஆர்டி3 என்ற மரபணு மாற்றத்தை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள்.

ஆனாலும் சிலருக்கு இது போதவில்லை. கண்காட்சி மேடையில் முன்னங்கால்களை இன்னும் உயரத் தூக்கவேண்டும் என்பதற்காக, கால்களில் கடுகெண்ணெய், மண்ணெண்ணெய் போன்றவற்றைப் பூசிப் புண்ணாக்கினார்கள். 1970இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது. அப்படிச் செய்யாமல் இயற்கை நடையோடு வளர்ப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள்தான் பழைய இரத்தத்தின் உண்மையான வாரிசுகள் என்பது எங்கள் கருத்து.

முதலாமவர்கள் கிடைத்த கொடையை அடையாளம் காணவில்லை. பின்வந்தவர்களுக்கு அந்தக் கொடையில் திருப்தி இல்லை. இரண்டு தவறையும் எங்கள் பிள்ளைகள் விடயத்தில் நாங்களும் செய்கிறோம். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையை "உதவாது" என்கிறோம். கெட்டிக்காரப் பிள்ளையை இன்னும் இன்னும் என்று விரட்டிப் புண்ணாக்குகிறோம்.

வாயில்லாப் பிராணியும் அமானிதம், பிள்ளையும் அமானிதம். அதனதன் நடையில் நடக்கவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.