விதிகளையும் சோதித்துப் பாருங்கள்

பள்ளிகளில் இளைஞர் பாராளுமன்றம் நடத்தும் திட்டம் 1966-67-இல் டில்லியில் தொடங்கியது. உங்கள் பள்ளியிலும் அது நடந்திருக்கலாம். அதில் எழுதிக் கொடுத்த உரையை ஒப்பிப்பது மட்டும் போதாது. அவையின் விதிகளையும் மாணவர்களே வகுத்துச் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு விதியைப் பார்ப்போம். நமது அரசியல் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருந்தால் அவையை நடத்தலாம். இதற்குக் 'கோரம்' என்று பெயர். எம்.கே.பி. நகரில் 40 பேர் கொண்ட ஒரு வகுப்பு இவ்விதியை ஏற்பதாகக் கொள்வோம். நால்வர் வந்தால் போதும். அவர்களில் ஒருவர் சபாநாயகர். வாக்குகள் சமமானால்தான் அவர் வாக்களிப்பார். மீதி மூவரில் இருவர் கை தூக்கினால் மசோதா நிறைவேறிவிடும். 40 பேருக்கும் இருவர் இயற்றிய சட்டம்! 543 இடங்கள் கொண்ட மக்களவையில் கோரம் 55. இதே கணக்கின்படி அங்கே சாதாரண மசோதாவுக்கு 28 வாக்குகள் போதும்.

அப்படியானால் வகுப்பின் கோரத்தை 30 ஆக்கிவிடலாமா? ஆக்கினால், 11 பேர் எழுந்து வெளியேறியே எந்த மசோதாவையும் தடுத்துவிடலாம். பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போன்றதுதான் இதுவும். இலேசாக இருந்தால் ஆவி வீணாகும்; மிகக் கனத்தால் ஆபத்து.

சரியான அளவு எது? கோரத்தை 4, 15, 30 என்று மாற்றி மூன்று கூட்டங்கள் நடத்துங்கள். ஒவ்வொன்றிலும் சிலர், விதியை மீறாமலே அவையை ஏமாற்ற முயலட்டும். முடிவுகளைக் குறித்து வையுங்கள். நல்லவர்கள் மட்டுமே இருக்கும் அவையில் எந்த விதியும் நன்றாகவே தோன்றும். ஏமாற்ற நினைப்பவரையும் தாங்குகிறதா என்பதே உண்மையான சோதனை.