ரோல்ஸ்-ராய்ஸ் ஸ்பெக்டர்: 25 லட்சம் கி.மீ. ஓட்டிப் பார்த்தது எதற்கு?

ரோல்ஸ்-ராய்ஸின் முதல் மின்சார கார் ஸ்பெக்டர். 2024 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 7.5 கோடி ரூபாய். இந்தக் காருக்கு அந்நிறுவனம் திட்டமிட்ட சோதனை ஓட்டம் மொத்தம் 25 லட்சம் கி.மீ. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட முடிகிற காலத்தில் இவ்வளவு தூரம் ஏன் ஓட்டணும்?

பதில் ரப்பரில் இருக்கிறது. சஸ்பென்ஷன் கைகள் சேஸியோடு சேரும் இடங்களில் ‘புஷ்’ என்ற சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். வெயிலில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி, சின்ன அதிர்வில் ஒரு மாதிரி, பெரிய பள்ளத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் பொருள் அது. டயரும் அப்படித்தான். மென்மையான புஷ் போட்டால் சொகுசு, ஆனால் ஸ்டீயரிங் மந்தமாகும். இறுக்கமானதைப் போட்டால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரியும். எது போதும் என்பதை ஓட்டுபவரின் முதுகும் காதும்தான் முடிவு செய்யும். மின்சார காரில் இது இன்னும் சிக்கல். இன்ஜின் சத்தம் இல்லாததால், அதுவரை மறைந்திருந்த டயர் இரைச்சலும் சஸ்பென்ஷன் ‘டொக்’கும் பளிச்சென்று கேட்கும்.

ஸ்பெக்டரை முதலில் ஸ்வீடனின் அர்ஜெப்லாக்கில் ஓட்டினார்கள். ஆர்க்டிக் வட்டத்திலிருந்து 55 கி.மீ. தூரம், மைனஸ் 40 டிகிரி. பனிக்கட்டியில் பிடிமானம் குறைவு என்பதால், காஞ்ச ரோட்டில் அதிவேகத்தில் மட்டுமே தெரியும் தடுமாற்றம் அங்கே மெதுவாகப் போகும்போதே தெரிந்துவிடும். பொறியாளர் அதை நிதானமாகக் கவனித்துத் திருத்தலாம். அடுத்து தெற்கு பிரான்ஸ். மிராமாஸ் சோதனைத் தளத்திலும் சுற்றியுள்ள சாலைகளிலும் 6.25 லட்சம் கி.மீ.; அதில் பாதிக்கு மேல் சாதாரணப் பொதுச் சாலை.

காரின் எடை 2,975 கிலோ. இத்தனை எடை வளைவில் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க ஆன்டி-ரோல் பார் வேண்டும். ஆனால் அதே பார், நேர்ச் சாலையில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அடுத்த சக்கரத்தையும் இழுத்து, காரைக் குலுக்கும். அதனால் நேராகப் போகும்போது அந்தப் பாரின் இணைப்பு விலகிவிடுகிறது. வளைவு வருவதை உணர்ந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறது. பேட்டரியையும் சேஸியின் ஒரு பாகமாக்கியதால், முந்தைய ரோல்ஸ்-ராய்ஸ்களைவிட உடற்கூட்டின் விறைப்பு 30% கூடியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது.

சோதனையில் ஒன்று தவறிப்போனால் என்ன ஆகும்? 1997-ல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸுக்கு நடந்ததுதான். திடீரெனக் குறுக்கே வரும் மானைத் தவிர்க்கத் திருப்புவது போன்ற ஒரு சோதனையில், ஸ்வீடன் பத்திரிகையாளர்கள் ஓட்டிய கார் கவிழ்ந்தது. விற்பனைக்கு வந்த கார் அது! டெலிவரியை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்த வேண்டியிருந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிப்படி, வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கணும். நம்ம தெருவில் இருப்பவற்றில் எத்தனை அப்படி இருக்கு? வெளிநாட்டுத் தளத்தில் இதற்கு மாதிரி கிடைப்பது கஷ்டம். இந்தூர் அருகே பீதம்பூர் நாட்ராக்ஸில் 11.3 கி.மீ. அதிவேகத் தடமும், சென்னை ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. சேஸி ட்யூனிங் வேலையை இங்கேயே முழுசாகச் செய்ய இடமும் ஆளும் உண்டு. ஆனால் சொற்ப எண்ணிக்கையில் இறக்குமதியாகும் காருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பதே யதார்த்தம்.

இந்த எண்ணிக்கை மாறக்கூடும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்தில், 100 சதவீதத்துக்கும் மேலிருந்த கார் இறக்குமதி வரியை ஒதுக்கீட்டுக்குள் படிப்படியாக 10 சதவீதமாகக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் மின்சார கார்களுக்கு முதல் 5 ஆண்டுகள் அந்தச் சலுகை கிடையாது. இங்கிலாந்தின் குட்வுட்டில் தயாராகும் ஸ்பெக்டரும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.