உலை வைக்கலாம், மொட்டை மாடியில் வேண்டாம்

பழைய அலுமினியப் பாத்திரத்தை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, சின்னதாக ஒரு சிலை வார்த்துப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை. 660 டிகிரி செல்சியஸில் அலுமினியம் உருகிவிடும். கரியும் துருத்தியும் இருந்தால் அந்தச் சூடு எளிது. ஆனால் ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. உலைக்கு மிஞ்சுவது மொட்டை மாடிதான். கான்கிரீட் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். உருகிய உலோகம் சிந்தினால் அந்த ஈரம் நொடியில் ஆவியாகித் தளத்தையே வெடித்துத் தெறிக்கச் செய்யும். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகுகிறது. பித்தளையில் ஆபத்து வேறு: அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும்; சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். பழைய பேட்டரி ஈயத்தை உருக்குவதை நான் பொழுதுபோக்கு என்றே ஒப்பமாட்டேன். ஈயத்தில் பாதகமில்லாத அளவு என்று அறியப்பட்டது எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் பாதிக்கப்படுவது வீட்டுக் குழந்தைகள்.

சுவாமிமலை ஸ்தபதிகள் குடியிருப்புகளுக்கு நடுவிலேதானே வார்க்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்களை வைத்தேதான் இதைச் சொல்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபத்தைத் தாண்டி ஓடும் இதே காவிரியின் வண்டலை அதன்மேல் மெல்லப் பூசுகிறார்கள். நிழலில் உலரவிட்டு, மேலும் மண் அப்பி, கம்பி கட்டுகிறார்கள். பிறகு அச்சைச் சுட்டு மெழுகை வடிக்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே மண்ணின் ஈரமும் போய்விடுகிறது. அச்சைத் தரையில் புதைத்த பிறகே உலோகம் இறங்குகிறது. காயும்வரை காத்திருக்கும் அந்தப் பொறுமைதான் அவர்களுக்குக் காப்பு. உலோகம் உருக்கும் மூசையைக் கடையில் வாங்கலாம். இந்தப் பொறுமையை அருகில் நின்றுதான் பழக வேண்டும்.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்பார்கள். தடை வந்தால் உலை மறைவுக்குப் போகும், தவறைத் திருத்த ஆளிருக்காது. அதோடு, திருச்சி உலோகம் தெரிந்த ஊர். 1928 முதல் பொன்மலை ரயில்வே பணிமனை, 1964-இல் தொடங்கிய கல்லூரியான இன்றைய என்.ஐ.டி., அதே பத்தாண்டில் வந்த பெல் ஆலை என்று, உலையருகே வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர்கள் இங்கே நிறைய. செலவும் பெரிதில்லை: காய்ந்த மணல் பரப்பிய தரை, காற்றோட்டமான கொட்டகை, தோல் கையுறை, முகக்கவசம், கூடவே நிற்கும் ஓர் அனுபவசாலி. மாதம் ஒரு ஞாயிறாவது இப்படியொரு பட்டறையை மாநகராட்சியும் என்.ஐ.டி.யும் சேர்ந்து திறக்க வேண்டும். அதுவரை மெழுகு வேலையையும் மண் அச்சையும் வீட்டில் பழகுங்கள். உலையை மட்டும் மூட்டாதீர்கள்.