வீட்டை விற்கப் போறீங்களா? பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி பீரோவைத் திறங்க

தர்மபுரியில அப்பா கட்டின வீடு. உங்களுக்கு வேலை பெங்களூருலயோ ஓசூர்லயோ. அப்பா இப்ப இல்லை, அம்மா உங்களோட வந்துட்டாங்க. பூட்டிக் கிடக்கிற வீட்டை வித்துடலாம்னு குடும்பமா முடிவு பண்ணியாச்சு. கையில ஒரு 50,000 ரூபாய் இருக்கு. அதை எதுல போடுவீங்க?

நிறைய பேர் பெயின்டரைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. சிலர் பர்சனல் லோன் எடுத்து டைல்ஸ், மாடுலர் கிச்சன் வரைக்கும் போயிடுவாங்க. என் கருத்து இதுதான்: சின்ன பட்ஜெட்டில் முதல் ரூபாய் பேப்பருக்கு, அடுத்தது தண்ணிக்கும் ஒழுகலுக்கும், மிச்சம் இருந்தால் பெயின்ட்டுக்கு. லோன் வேண்டவே வேண்டாம். வீடு ஆறு மாசம் விற்காமல் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது. அந்த அழுத்தத்திலேயே வந்த விலைக்குக் கொடுத்துடுவீங்க.

அமெரிக்காவில் காலி வீட்டில் வாடகை சோபா போட்டு, அலங்காரம் பண்ணி விற்பதே தனித் தொழில். அந்த வீடியோக்களைப் பார்த்து நாமும் அதையே செய்ய நினைக்கிறோம். அங்கே வில்லங்கத்தை விசாரிக்க தனி கம்பெனி உண்டு, பத்திரத்துக்கே இன்சூரன்ஸ் உண்டு. அதனால் வாங்குபவர் சமையலறையைப் பார்த்து முடிவு பண்ணலாம். நம்ம ஊரில் அந்தக் கவலை முழுக்க வாங்குபவர் தலையில். அவருக்கு ஹோம் லோன் வேணும்னா, பேங்க் வக்கீல் உங்க சுவரைப் பார்க்க மாட்டார், பத்திரத்தைத்தான் பார்ப்பார்.

முதல்ல பேப்பர்

மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எல்லாத்தையும் ஒரே ஃபைலில் வைங்க. வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பழைய பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால் பயப்படாதீங்க. 1965 அக்டோபர் 2 அன்றுதான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது, அதுக்கு முன்னாடி எல்லாமே சேலம்தான். ஆனால் சர்வே நம்பர் பட்டாவோடு பொருந்துதான்னு கட்டாயம் பாருங்க.

அப்பா எடுத்த ஹோம் லோன் எப்பவோ முடிஞ்சிருக்கும். அந்த அடமானத்துக்கு ரத்து ரசீது பதிவு பண்ணலைன்னா, வில்லங்கத்தில் கடன் இன்னும் அப்படியே நிற்கும். பேங்க்குக்கு ஒரு நடை, பதிவு அலுவலகத்துக்கு ஒரு நடை. பெயின்ட் செலவோடு பார்த்தால் இது சின்னக் காசு.

அடுத்தது வாரிசு சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாங்கணும். இங்கேதான் நிறைய வீடுகள் மாட்டிக்குது. அப்பா சுயமா சம்பாதிச்ச வீடு, உயில் எழுதலைன்னா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பாட்டி இருந்தால் அவங்களுக்கும். "அக்காவைத்தான் கட்டிக் கொடுத்தாச்சே" என்பது சட்டத்தில் கிடையாது. பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்த பிறகு அக்காகிட்ட போய் "ஒரு கையெழுத்து போடுக்கா"ன்னு நின்னா, வியாபாரமும் போகும், உறவும் போகும். விலை பேசுறதுக்கு முன்னாடியே பங்கைப் பேசி முடிங்க. எல்லோரும் ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் தனியா விடுதலைப் பத்திரச் செலவும் மிச்சம்.

அப்புறம் தண்ணி, ஒழுகல்

நம்ம மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பு பாதிப்புன்னு தலைமுறையா பார்த்த ஊர். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல் தொடங்கி வெச்சாங்க. அதனால உங்க வீட்டைப் பார்க்க வர்றவர் "ஒகேனக்கல் தண்ணி வருதா?"ன்னு கேட்டால் ஆச்சரியம் இல்லை. குழாய் இணைப்பு இருந்தால் வரி பாக்கியைக் கட்டி, தொட்டியைக் கழுவி, குழாயைத் திறந்து காட்டுங்க. போர் தண்ணி மட்டும்தான்னா பரிசோதனை பண்ணி ரிப்போர்ட்டைக் கையில் வைங்க.

மொட்டை மாடி ஒழுகினால் அதைச் சரி பண்ணுங்க. ஒழுகின இடத்துக்கு மேல பெயின்ட் அடிக்காதீங்க. ஒரு மழை போதும், கறை திரும்ப வந்துடும். அதைப் பார்த்தவர் வீட்டோட சேர்த்து உங்க வார்த்தையையும் சந்தேகப்படுவார். கரன்ட் பில் பாக்கி இருந்தால் கட்டிடுங்க, இருட்டு வீட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டாங்க. குப்பையை அள்ளி, ஜன்னலைத் துடைச்சு, முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு கோட் அடிங்க. அது போதும்.

டாக்ஸ் கணக்கும் இதையேதான் சொல்லுது

விற்கிறதுக்காக அடிக்கிற பெயின்ட், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் பொதுவா பராமரிப்புச் செலவு. கேப்பிட்டல் கெய்ன்ஸில் கழிக்க முடியாது. ஆனால் அப்பா 2010ல் மாடி கட்டினதுக்கு பில், பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தால், அது வீட்டை மேம்படுத்திய செலவு, கழிக்கலாம். அந்தச் செலவு 5 லட்சம்னு வெச்சுக்கோங்க. 12.5% வரியில் மிச்சமாவது 62,500 ரூபாய். உங்க மொத்த பட்ஜெட்டை விட அதிகம்! அந்த பில் பீரோவில் பழைய மஞ்சப்பைக்குள்ள இருக்கலாம். புரோக்கர் கமிஷனையும் கழிக்கலாம், ரசீதோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ இருக்கணும்.

இன்னொன்று. லாபம் ஒரே ஆள் கணக்கில் வராது, பங்குப்படி பிரியும். அம்மாவுக்கு வேற வருமானமே இல்லைன்னா, 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி அவங்க பங்கு லாபத்தில் 4 லட்சம் வரைக்கும் வரியே இல்லை. அதனால விற்ற பணத்தை மொத்தமா மகன் அக்கவுன்ட்டில் வாங்காதீங்க. அவரவர் பங்கு அவரவர் அக்கவுன்ட்டுக்கே போகட்டும். அம்மாவுக்கு அது வரிச் சலுகை மட்டும் இல்லை, வயசான காலத்தில் யார்கிட்டயும் கை நீட்டாமல் இருக்க ஒரு தைரியம்.

இந்த வாரம் ஊருக்குப் போறீங்கன்னா பெயின்டருக்கு போன் போட வேண்டாம். அக்காவுக்குப் போடுங்க, அவங்களையும் வரச் சொல்லுங்க. ரெண்டு பேருமா உட்கார்ந்து பீரோவில் இருக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்துப் பாருங்க. எது இருக்கு, எது இல்லைன்னு ஒரு லிஸ்ட் எழுதுங்க. உங்க 50,000 ரூபாயை எங்கே செலவு பண்ணணும்னு அந்த லிஸ்டே சொல்லிடும்.