வாசித்தது எத்தனை மணித்தியாலம்?

2024 டிசம்பர் 17 அன்று தாக்கலான குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் மசோதா 2025இல் மக்கள் சபையைத் தாண்டிப் பிரபுக்கள் சபைக்குப் போனது. அது கொண்டுவரும், பள்ளிக்குப் போகாமல் வீட்டில் கற்கும் பிள்ளைகளின் பதிவேடு பற்றி இதழின் நிலைப்பாடு என்ன என்று இங்கிலாந்து வாசகர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். பிள்ளையின் பெயர், முகவரி, கற்பிக்கும் பெற்றோர் யார் என்பதையெல்லாம் கவுன்சிலுக்குக் கொடுப்பதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. 2023 ஆகஸ்டில் வோக்கிங்கில், வீட்டுக்கல்வி என்று பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சிறுமி கொல்லப்பட்டதற்குப் பிறகு அதை எதிர்ப்பதும் அழகல்ல. சிறப்புப் பள்ளியிலிருந்து விலக்க அனுமதி பெறுவது, மாற்றங்களை 15 நாளுக்குள் அறிவிப்பது ஆகியவையும் சமாளிக்கக்கூடியவையே.

சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு பெற்றோரிடமும் பிள்ளை எவ்வளவு நேரம் கல்வி பெறுகிறது என்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டுமாம்.

எமது வாசகர் வீடு ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்து தாய் 'பொன்னியின் செல்வன்' வாசிக்கிறார். மூத்தவள் காய்ந்த உடுப்பு மடிக்கிறாள். நடுவிலான் படம் கீறுகிறான். நாலு வயதுக் கடைக்குட்டி மேசைக்குக் கீழே லெகோவோடு. கேட்கிறான் என்று யாரும் நினைக்கவில்லை. அத்தியாயம் முடிந்ததும் கீழிருந்து ஒரு குரல்: "வந்தியத்தேவன்ர குதிரைக்கு ஆர் சாப்பாடு குடுத்தது?"

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? ஒருவர் வாசிக்க மூவர் கேட்டால் அது ஒரு மணித்தியாலமா, மூன்றா? பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகளோடு வாதாடிய தகப்பனுக்கு எத்தனை நிமிடம்? மறுநாள் பஸ்ஸில் மூத்தவள் தம்பிக்குக் கதையைத் திருப்பிச் சொன்னாளே, அந்தக் கணக்கு யார் பேரில்?

அவள் செய்தது பொழுதுபோக்கு அல்ல என்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே தடவை வாசித்து, பிள்ளையைத் தன் வார்த்தையில் சொல்லவிடும் முறையைக் கல்வியாளர் ஷார்லட் மேசன் வகுத்தது இதே இங்கிலாந்தில்தான். 1892இல் ஆம்பிள்சைடில் அவர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது, அவருடைய பாடத்திட்டங்கள் ஏற்கெனவே தபாலில் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கல்வித் திணைக்களத்துக்கும் இது தெரியாததல்ல. 2021இல் அது வெளியிட்ட வாசிப்புச் சட்டகம், வகுப்பில் தினமும் கதை வாசித்துக் காட்டும்படி ஆசிரியர்களை வற்புறுத்துகிறது. 2007ஆம் ஆண்டு வீட்டுக்கல்வி வழிகாட்டியிலோ, பள்ளிக்கூடத்து வாரம் 22 முதல் 25 மணித்தியாலக் கணக்கு வீட்டுக்குப் பொருந்தாது என்று அரசே எழுதியிருந்தது. அன்று பொருந்தாதது இன்று எப்படிப் பொருந்திற்று? விளக்கமில்லை. ஒரு புத்தகத்தைச் சுற்றிக் குடும்பமாக உட்கார்ந்து பார்த்த எவரும் இந்த வாசகத்தை எழுதியிருக்க மாட்டார். கடிகாரம் பார்த்துக் கற்பிப்பதுதான் கற்பித்தல் என்று நினைப்பவர்களின் கையில் பேனா இருக்கிறது. எமது பெற்றோர் அதற்காக மாலை முழுக்கக் கடிகாரம் பார்க்க வேண்டுமாம்.

இன்னொன்று. பெற்றோர் அல்லாத ஒருவர் கற்பித்தால் அவர் பெயரும் முகவரியும் நேரமும் கூடப் பதிவேட்டுக்குப் போகும். எமது வீடுகளில் தமிழ் வாசிப்பில் பாதி, யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அம்மம்மா வாசிப்பது. படம் உறைந்து, குரல் மட்டும் வந்து, "எங்க விட்டனான்?" என்று அவர் மறுபடி தொடங்குகிற அந்த நேரத்துக்காக அவரும் ஹாரோ கவுன்சிலின் பட்டியலில் ஏற வேண்டுமா? மசோதாவின் வாசகம் அவருக்கு விலக்கு எதையும் சொல்லவில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியது: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதும்போது பதிவேட்டை மொத்தமாக எதிர்க்காமல் நேரக்கணக்கை மட்டும் நீக்கக் கேளுங்கள், சொந்த வீட்டு மாலை ஒன்றை விவரித்து எழுதுங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் விவரம் தராமல் இருக்காதீர்கள்; பள்ளி வருகை உத்தரவுக்கு அதுவே வழிவிடும். வாசித்த நூல், பிள்ளை திருப்பிச் சொன்னது, இரண்டையும் தேதியிட்டு ஒரு கொப்பியில் இப்போதிருந்தே குறித்து வையுங்கள். நேரம் கேட்டு அதிகாரி வந்தால் முதலில் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.