முகத்துவாரத்துக்கு ஒரு டூர் புரோகிராம்

முப்பத்துநாலு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். மற்ற வேலைகளில் எப்படியோ, டூர் புரோகிராம் எழுதுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. 'காலை 6.10 புறப்பாடு, 7.25 செங்கல்பட்டு' என்று கட்டம் போட்டு நீட்டினால் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். (கண்ணைத் திறந்திருந்தால் பயணப்படியில் பாதி வெட்டுப்பட்டிருக்கும்.)

அதனால்தான் இங்கிலாந்திலிருந்து லீவில் வந்த என் மச்சினன், "அத்தான், மோட்டார் போட்ல ஒரு ட்ரிப் போறோம். பிளான் உங்களுது" என்றதும் உடனே தலையாட்டிவிட்டேன். செம்பாக்கத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். முட்டுக்காடு கழிவெளி ஓரமாக பண்ணை வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மச்சினனுக்கு உண்டு. அவரிடம் மோட்டார் பொருத்திய சின்ன படகு ஒன்று. அதில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்து, முகத்துவாரத்தைத் தாண்டி, கோவளம் விரிகுடாவில் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்புவது. தூரம் என்று பார்த்தால் நம்ம ஊரிலிருந்து தாம்பரம் போய் வருகிற மாதிரிதான்.

நான் கட்டம் போட்டேன். 'காலை 10.00 புறப்பாடு. 10.20 முகத்துவாரம். 11.00 கோவளம், சிற்றுண்டி. 12.30 திரும்புதல்.' பயணிகள்: என் 9 வயதுப் பேத்தி உள்பட 9 பேர். என் மனைவியின் இட்லி அடுக்கைத் தனியாகச் சேர்க்கவில்லை.

நண்பர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். கோவளத்தில் எழுபதை நெருங்கும் மீனவப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் சரி என்றால்தான் படகு.

போனோம். பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். என் காகிதத்தை ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, முழுசாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். பஸ்ஸுக்கு."

"ஏன் பெரியவரே?"

"நீங்க போற நேரத்த எழுதியிருக்கீங்க. தண்ணி போற நேரத்த எழுதலியே?"

மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் குடியிருப்பது பிரிஸ்டல். அந்தப் பக்கத்துக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம் இருக்குமாம். நாலு மாடி உயரம்! அங்கே முறையாகப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு சர்டிபிகேட் வாங்கியவன். நம் சென்னைக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான்.

"பதினாலு மீட்டரையே பாத்தாச்சு பெரியவரே. இந்த ஒரு மீட்டர் என்ன பண்ணும்?"

பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்க ஊர்ல ஆத்து வாய் எவ்ளோ ஆழமோ எனக்குத் தெரியாது. இங்க பல நாளு முழங்காலுக்குத்தான் தண்ணி. முழங்காலு ஆழத்துல ஒரு மீட்டர் ஏறுனா படகு போவும். எறங்குனா படகு தரையில உக்காரும். எங்களுக்கு அந்த ஒரு மீட்டர்தான் தம்பி எல்லாம்."

மச்சினன் சிரிப்பை நிறுத்தினான். நான் பேனாவைத் திறந்தேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் படித்த பாடத்தை 34 வருஷ சர்வீஸில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் படித்ததில்லை.

நம் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி, இரண்டு தரம் வற்றும். ஏற ஆறு மணி நேரம், வற்ற ஆறு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. நேற்று வந்த நேரத்துக்கு இன்று வராது. சுமார் 50 நிமிஷம் தள்ளித்தான் வரும். (நம்ம ஆபீஸ் ஹெட்கிளார்க் மாதிரி.) ஒரே சீராகவும் ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அப்புறம் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் வருகிறது. இந்தக் கணக்கை பிரிஸ்டலில் மச்சினனுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகவே இருந்தது.

அதனால் முகத்துவாரத்தைத் தாண்டுவது ஏற்றம் முடிகிற சமயத்தில் இருக்க வேண்டும். ஏறுகிற தண்ணீரில் படகு தரை தட்டினால் அரை மணி பொறுத்தால் தானே மிதக்கும். வற்றுகிற தண்ணீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை இட்லி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. வற்றும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய்கிறது. அலை உள்ளே வருகிறது. இரண்டும் முகத்துவாரத்தில் மோதிக்கொள்ளும்போது, அதுவரை சாதுவாக இருந்த அலை செங்குத்தாக எழுந்து உடையும். சின்ன படகைப் புரட்ட அது போதும்.

என்னுடைய பத்து மணிப் புறப்பாட்டுக்கு இன்னொரு அடி. உச்சி நெருங்க நெருங்கக் கடற்காற்று கிளம்பிவிடும். வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

பெட்ரோல்? மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று. பாலத்தைச் சுற்றி மோட்டாரை மெதுவாக ஓட்ட வேண்டும். பிளாஸ்டிக் பை, அறுந்த வலை, ஆகாயத்தாமரை எது வேண்டுமானாலும் ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். நங்கூரமும் கயிறும் கட்டாயம். மோட்டார் நின்றுபோனால் அதுதான் பிரேக்.

"ஒம்போது பேரா?" என்று கடைசியில் என் பட்டியலுக்கு வந்தார். "பேருக்குப் பக்கத்துல எடையையும் எழுதுங்க சார்."

நான் வீட்டுக்குப் போய் எழுதத்தான் பார்த்தேன். மனைவியின் கட்டம் மட்டும் இன்றுவரை காலி.

அந்த இடத்தில்தான் பெரியவர் குரல் மாறியது. "பழவேற்காடு தெரியுமில்ல சார்?"

தெரியும். 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகேறிய குடும்பத்தார்; 22 பேர் திரும்பவில்லை. 2023 மே 7 அன்று கேரளாவில் தானூரில் ஆறு கடலில் சேருகிற இடத்துப் பக்கம் இன்னொரு படகு. பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அங்கேயும் 22 பேர். பாதிக்கு மேல் குழந்தைகள்.

"யாரும் சாவணும்னு ஏறல சார். பத்து நிமிசம்தானேன்னுதான் ஏறுனாங்க."

என் பட்டியலில் பேத்தியின் பெயரைப் பார்த்தேன். '9 வயது' என்று அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தேன்.

புது புரோகிராம் தயாரானது. ஆள் 4. நாலு பேருக்கும் உடம்புக்குச் சரியான லைஃப் ஜாக்கெட். பேத்திக்குக் குழந்தை அளவு. உட்காரும் பலகைக்கு அடியில் அல்ல, உடம்பில். ஏற்றம் உச்சிக்கு வருவது காலை 8.15 என்று ஓதப் பட்டியலில் பார்த்தோம். 7.00 புறப்பாடு. 7.30 முகத்துவாரம். 8.30-க்குள் மறுபடி உள்ளே. ஹைதராபாத் கடல் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பை முதல் நாளும் பார்க்க வேண்டும், அன்று காலையும் பார்க்க வேண்டும். கரையில் ஒருத்தர் கையில் நகல். '9.30-க்குள் வராவிட்டால் கடலோரக் காவல் 1093, கடலோரக் காவல்படை 1554.' அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டாள்.

"ஒன்பதரை எதுக்கு? ஒன்பது இருபதுக்கே போட்டுடறேன்" என்றாள்.

அந்த நாளும் வந்தது. விடிய ஆறரைக்குப் பெரியவரோடு முகத்துவாரத்து மணலில் நின்றோம். அவர் பேசவில்லை. இருபது நிமிஷம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று அலை சின்னதாக வரும். நாலாவது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெள்ளையாக உடையும். காற்றே இல்லை. எங்கேயோ தூரக் கடலில் கிளம்பிய அலையாம்.

"இன்னிக்கு வேணாம் சார்."

மச்சினனுக்கு முகம் தொங்கிவிட்டது. மறுநாள் அவனுக்கு விமானம். "அத்தான், நடுவுல கேப் இருக்கு. டைம் பண்ணிப் போயிடலாம்" என்றான்.

"போயிடலாம் தம்பி" என்றார் பெரியவர். "திரும்பி வர்றப்ப அலை உங்க முதுகுக்குப் பின்னால வரும். அத எப்படிப் பாப்பீங்க?"

மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. பிரிஸ்டலில் அதையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

முட்டுக்காடு படகுத்துறையில் டிக்கெட் வாங்கி, ஜாக்கெட் மாட்டி, கழிவெளிக்குள்ளேயே மோட்டார் படகில் ஒரு சுற்று வந்தோம். பேத்திக்கு அதுவே அமெரிக்கா கண்ட சந்தோஷம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடல் இருந்ததையே அவள் மறந்துவிட்டாள்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "சாருக்கு எந்த ஊரு?"

"செம்பாக்கம்."

"அட! உங்க ஏரித் தண்ணி எங்க வாசல் வழியாத்தானே சார் கடலுக்குப் போவுது!"

உண்மைதான். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, இந்த முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது. மழைக்காலத்தில் நாங்கள் அனுப்புகிற வெள்ளம் வந்து திறக்கிறது.

அந்தத் தண்ணீர்கூட நினைத்த நேரத்தில் கடலுக்குள் போய்விட முடியாதாம். ஏற்றமாக இருந்தால் காத்திருந்து, வற்றும்போதுதான் வேகமாக இறங்க வேண்டும். இத்தனை பெரிய வெள்ளமே கடலிடம் நேரம் கேட்டுத்தான் போகிறது. நான் பத்து மணிக்குப் புறப்பாடு என்று கட்டம் போட்டிருந்தேன்!

வீட்டுக்கு வந்து, வழக்கப்படி டூர் அறிக்கை எழுதினேன். 'திட்டமிட்ட பயணம் மேற்கொள்ளப்படவில்லை. அனைவரும் நலம்.'

பயணப்படி கேட்காமல் நான் எழுதிய ஒரே அறிக்கை அதுதான்.